சண்முகையா குடித்திருக்கவில்லை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். பந்தல், மேளம், யார் யாருக்கு வேட்டி சேலை என்று நீ கேட்டிருந்தது எதற்கும் இந்தக் கடிதத்தில் பதில் இல்லை. அதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரே இருப்பில் உட்கார்ந்து இதைப் படி. கூட வேலை பார்ப்பவர்கள் பக்கத்தில் இருந்தால் அவர்களும் படிக்கட்டும். மறைத்தது போதும் என்றுதான் எழுதுகிறேன். இதில் உள்ளதைக் கோமதியும் அவள் அம்மாவும் என் வாயால் கேட்டுவிட்டார்கள். உனக்கு என் கையெழுத்தில் போக வேண்டும் என்று சொன்னவள் கோமதிதான்.

தை மாதம் நீ தாலி கட்டுவதாக இருக்கிற கோமதி, உன் அம்மாவின் தம்பி சண்முகையாவின் மகள். அவன் செத்தபோது உனக்குப் பத்து வயது, அவளுக்கு ஆறு. மாமா எப்படிச் செத்தான் என்று உனக்குச் சொல்லப்பட்டது இதுதான்: மதுவிலக்கில் சாராயம் கிடைக்காமல் வார்னிஷை வாங்கிக் குடித்தான், போதையில் காளவாசல் பள்ளத்தில் விழுந்தான், அப்படியே போய்விட்டான். இதை முதன்முதலில் சொன்ன வாய் என்னுடையது. அது பொய். சண்முகையா அன்றைக்கு ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. அவன் எதனால் செத்தான் என்பது எனக்கு அன்றைக்கே பாதி தெரியும். மீதிப் பாதியை நீ படித்து வந்து சொன்னாய்.

சுண்ணாம்பு சுடுகிற நம் காளவாசலை நீ சின்ன வயதில் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறாய். பக்கத்தில் வர நான் விட்டதில்லை. கோவில்பட்டிக்கு மேற்கே, ஓடைக் கரையை ஒட்டி அது இருந்தது. கரையின் மேட்டிலிருந்து பார்த்தால் வாய் தெரியும். மாட்டுவண்டியை அங்கே நிறுத்தி மேலேயிருந்தே கல்லைக் கொட்டலாம். அடியில், சுட்ட சுண்ணாம்பை இழுத்து எடுக்கிற துவாரம் ஒரு பள்ளத்துக்குள் இருந்தது. அதைக் கண் என்போம். பள்ளத்துக்குப் பன்னிரண்டு படி. மூன்று பக்கம் மண்சுவர், நாலாவது பக்கம் ஓடை. ஓடையில் தண்ணீர் வந்தால் உள்ளே புகுந்துவிடும் என்று அந்தப் பக்கத்தையும் ஆள் உயரத்துக்கு மண்ணும் கல்லும் போட்டு அடைத்தோம். அடைக்கச் சொன்னவன் நான். அதோடு அந்தப் பள்ளம் நாலு பக்கமும் மூடிய தொட்டியாகிவிட்டது. அப்போது எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

நம் கரிசலில் ஒரு சாண் தோண்டினால் சுக்கான்கல் என்கிற சுண்ணாம்புக்கல் கிடைக்கும். உழுகிறவனுக்கு அது இடைஞ்சல், எங்களுக்குப் பிழைப்பு. ஒரு வரிசை கல், ஒரு வரிசை கரி என்று மாற்றி மாற்றி அடுக்கித் தீ வைப்போம். கரி என்றால் நல்ல கரி இல்லை. ரயில் எஞ்சின் கழித்துப் போடுகிற அரைவேக்காட்டுக் கரி, மணியாச்சியிலிருந்து வரும். மூன்று நாள் எரிந்தால் கல் பழுத்த இரும்பு நிறத்துக்கு வந்துவிடும். ஆறிய பிறகு எடுத்துப் பார்த்தால் கல் அதே அளவில்தான் இருக்கும், கனம் மட்டும் இருக்காது. கல்லாக இருந்தபோது இரண்டு பேர் தூக்கிவிட்ட கூடையை, சுட்ட பிறகு ஒரு பொம்பளை தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடப்பாள். பத்து வருஷத்துக்கு மேல் நான் அந்தக் காளவாசலில் மேஸ்திரியாக இருந்தேன். கனம் போனால்தான் கல் வெந்தது என்று கையில் நிறுத்துப் பார்த்துச் சொல்வேன். கனம் குறையாமல் வருகிற கல்லைத் திரும்ப உள்ளே போடச் சொல்வேன். போன கனம் எங்கே போயிற்று என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. தீ தின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது எங்கே போகிறது என்று அந்தப் பள்ளம் எனக்கு இரண்டு முறை காட்டியது. சண்முகையா செத்த வருஷக் கோடையில் ஒரு நாய் குட்டி போட இடம் தேடிப் பள்ளத்துக்குள் இறங்கியிருக்கிறது. காலையில் பார்த்தால் கண்ணுக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்தது. காயம் இல்லை, கடி இல்லை, வாயில் நுரை இல்லை. பாம்பாக இருக்கும் என்று சொல்லித் தூக்கிப் போடச் சொன்னேன். இரண்டாவது முறை எனக்கே நடந்தது. புரட்டாசியில், காற்று அசையாத ஒரு விடியற்காலை. அரிக்கேன் விளக்கோடு படியில் இறங்கினேன். கடைசிப் படிக்கு வந்ததும் விளக்கு தானாக அணைந்தது. எண்ணெய் இருந்தது, கண்ணாடி மூடியிருந்தது, காற்றே இல்லை. குனிந்து பார்த்தேன். காதுக்குள் இரைச்சல் கேட்டது, முழங்கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. எப்படி மேலே வந்தேன் என்று தெரியாது. வெயில் ஏறும்வரை மேட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதை முதலாளியிடம் மட்டும் சொன்னேன். அவர், "இதை வெளிய சொல்லாத. சொன்னா ஒரு பய உள்ள இறங்க மாட்டான். கட்டடக்காரன் சுண்ணாம்புக்கு ஒத்தக் கால்ல நிக்கான்" என்றார். நானும் சரி என்றேன். அவர் என்னை மிரட்டவில்லை. ஆள் இறங்காமல் போனால் வேலை நின்றுவிடும், வேலை நின்றால் என் பேர் கெடும் என்று எனக்கே பயம் இருந்தது. சண்முகையாவிடம்கூடச் சொல்லவில்லை. அவன் என் கீழே வேலை பார்த்தவன், என் மச்சினன், தினமும் நம் வீட்டில் ஒருவேளை சாப்பிட்டவன். "பள்ளத்துல பாத்து இறங்குடே" என்று ஒரு வார்த்தை சொல்ல என் வாயில் என்ன அடைத்துக்கொண்டிருந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

ஐப்பசி பிறந்து கொஞ்ச நாளில் அது நடந்தது. சூளை பற்றவைத்து மூன்றாம் நாள், மத்தியானம் தாண்டியதும் கிழக்கே கருத்துக்கொண்டு வந்தது. நல்ல மழை சுட்ட சுண்ணாம்பின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். கொதித்துப் பொங்கிச் சூளையே வெடித்துவிடும். சூளையின் வாயைத் தகரம் போட்டு மூடி, ஓரத்தில் ஈர மண் வைத்து அப்பச் சொன்னேன். உள்ளே கல் செக்கச்செவேலென்று இருந்தது. அது விட்டுக்கொண்டிருந்ததெல்லாம் மேலே போக வழியில்லாமல் கீழே கண் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அன்று காலையில் கண் வழியாக இழுத்த சுண்ணாம்பு கீழே பள்ளத்தில் குவித்துக் கிடந்தது. அது நனையாமல் இருக்கப் பள்ளத்தின் மேலேயும் தார்ப்பாயை இழுத்துக் கட்டச் சொன்னேன். இரண்டையும் சொன்னது நான்தான். வேறு யார் தலையிலும் போட முடியாது.

தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. குவித்து வைத்த சுண்ணாம்பைக் கூடையில் அள்ளிக் கட்டினால் மேலேயிருந்து கயிற்றில் இழுத்துவிடலாம். கீழே இறங்க ஒரு ஆள் வேண்டும். சண்முகையா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, "நான் போறேன் அத்தான்" என்றான். தார்ப்பாய் மூடியிருந்ததால் பள்ளம் இருட்டாக இருந்தது. விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கினான். பாதிப் படியில் அவன் குரல் கேட்டது.

"அத்தான், விளக்கு அணைஞ்சுட்டு."

"பத்த வையேன்டே. குச்சி இருக்குல்லா?"

அவன் மடியில் எப்போதும் தீப்பெட்டி இருக்கும். தீக்குச்சி செய்கிற ஊர்க்காரனுக்குத் தீப்பெட்டிக்கா பஞ்சம்? குச்சி உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

"அத்தான், குச்சி நிக்க மாட்டேங்கு. மேல பிடிச்சா எரியுது, கீழ கொண்டுபோனா பொசுக்குன்னு அணையுது. என்னமோ மாதிரி இருக்கு."

மகனே, அவன் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நீ கல்லூரியில் படித்த அத்தனையையும் மூன்று தீக்குச்சியை வைத்து அந்தப் படிக்காத மனுஷன் சொன்னான். கேட்ட எனக்கு நாயும் ஞாபகம் வந்தது, புரட்டாசிக் காலையும் ஞாபகம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் இந்தக் கடிதத்தை எழுதிப் பிரயோசனம் இல்லை. அதே நேரத்தில் கையில் ஒரு மழைத்துளி பெரிதாக விழுந்தது. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"குச்சி நமத்துப் போயிருக்கும். மழை வருது பாரு, வெரசா இறங்கு."

அவன் இறங்கினான். என் பேச்சுக்கு அவன் மறுபேச்சு பேசியதே இல்லை.

கயிற்றை விட்டுக் காத்திருந்தோம். இழுப்பு வரவில்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. கல் சுமக்கிற மாடத்தி என் பக்கத்தில் நின்றாள். "அண்ணாச்சி, சத்தமே இல்லையே" என்றாள். மூச்சை அடக்கிக்கொண்டு நான் இறங்கினேன். பன்னிரண்டு படியில் ஏழு படி. அங்கேயிருந்து பார்த்தேன். சுண்ணாம்புக் குவியலின் மேல் முகம் பதியக் குப்புறக் கிடந்தான். வலது கை விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத் திரும்பி மேலே ஏறினேன். இன்னும் ஐந்து படி இறங்கியிருந்தால் நானும் அவன் பக்கத்தில் விழுந்திருப்பேன் என்று புத்தி சொல்கிறது. புத்தி சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த விரல்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான் என்பதை மாற்ற முடியவில்லை.

மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேனே தவிர என்ன செய்வது என்று தெரியவில்லை. தார்ப்பாயை அறுத்தவள் மாடத்திதான். "ஓடைப் பக்கத்து அடைப்பை உடைங்கலே!" என்று அவள்தான் கத்தினாள். இரண்டு பேர் கடப்பாரையோடு ஓடினார்கள். அடைப்பு அடிவரை உடைந்ததும், பள்ளத்தில் தேங்கி நின்றது தண்ணீர் வடிகிற மாதிரி வடிந்திருக்க வேண்டும். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஈரக் காற்று மட்டும் உள்ளே புகுந்தது. சண்முகையாவை வெளியே எடுத்துப் போட்டபோது மழை பிடித்துக்கொண்டது. அவன் கன்னத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்பு மழைத்தண்ணீர் பட்டுப் புகைந்தது. மாடத்தி முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். உயிர் இல்லை.

போலீஸ் வருவதற்கு முன்னால் முதலாளி வந்தார். என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போய், "குடிச்சிருந்தான்னு சொல்லிரு. காளவாசலைப் பூட்டிட்டான்னா முப்பது குடும்பம் என்ன செய்யும்? ஒன் தலையும்லா உருளும்" என்றார். முப்பது குடும்பம் என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அதற்காகத்தான் சொன்னேன் என்று பல வருஷம் என்னை நானே ஏமாற்றினேன். உண்மையில் என் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான். ஏட்டு கேட்டபோது, "வார்னிஷ் குடிப்பான். இன்னைக்கும் குடிச்சிருந்தான்" என்றேன். மாடத்தி, "அவரு குடிக்கலையே அண்ணாச்சி" என்றாள். "நீ சும்மா கெட" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. எட்டயபுரம் பக்கம் எங்கேயோ போய்விட்டதாகச் சொன்னார்கள். சொந்த அத்தானே சொன்ன பிறகு வேறு யாரை விசாரிப்பார்கள்? அடக்கம் முடிந்தது.

உன் அம்மா தம்பியைக் குளிப்பாட்டும்போது பக்கத்தில் இருந்தவள். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த பிறகு என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள்: "அவன் மேல வாடையே இல்லையே?" மழையில் போயிருக்கும் என்றேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்தத் தைப் பொங்கலிலிருந்து நம் வீட்டுக்குச் சுண்ணாம்பால் வெள்ளையடிக்க அவள் விட்டதில்லை. ஏன் நம் வீடு மட்டும் அழுக்காக இருக்கிறது என்று நீ கேட்டு அழுதாய். சிக்கனம் என்று நான் சொன்னேன்.

அவன் செத்த பிறகு காளவாசலில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். ஓடைப் பக்கத்தைத் திரும்ப அடைக்க விடவில்லை. யார் இறங்குவதாக இருந்தாலும் முதலில் எரிகிற விளக்கைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்க வேண்டும், அது அணையாமல் நின்றால்தான் ஆள் இறங்கலாம். மேஸ்திரி எவ்வளவு கவனமான ஆள் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். அந்தப் புகழையும் வாங்கிக்கொண்டேன். அந்த வேலையில் இருந்துகொண்டுதான் உன்னைப் படிக்க வைத்தேன்.

பாளையங்கோட்டையில் கல்லூரி சேர்ந்த முதல் வருஷ விடுமுறையில் நீ வந்து ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாயே, உனக்கு நினைவிருக்கிறதா? "சுண்ணாம்புக்கல்லுக்குள்ள கரியமில வாயு கட்டுண்டு கெடக்குப்பா. சூடு ஏற ஏற அது பிரிஞ்சு வெளிய போயிருது. நூறு பங்கு கல்லைச் சுட்டா அம்பத்தாறு பங்குதான் சுண்ணாம்பு, பாக்கி நாப்பத்துநாலும் வாயுதான்" என்றாய். உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அப்பா பார்க்கிற தொழில் புத்தகத்தில் இருக்கிறதே என்ற சந்தோஷம். நான் கேட்டேன், அந்த வாயு எங்கே போகும் என்று. "காத்தை விடக் கனம்பா அது. சூடா இருக்கும்போது மேல போகும். ஆறிட்டா தண்ணி மாதிரி பள்ளத்தைப் பாத்துத்தான் ஓடும். அதுல தீ எரியாது. மனுசனும் மூச்சு விட முடியாது. கரி எரியுற புகையும் கூடச் சேந்துட்டா கேக்கவே வேண்டாம்" என்றாய். நான் எழுந்து கொல்லைப் பக்கம் போனேன். பாடம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நீ அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அதுவரை காத்து கருப்பு, விதி, அவன் ஆயுசு அவ்வளவுதான் என்று எதையாவது போட்டு மூடி வைத்திருந்தேன். அன்றைக்கு மூட ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை. தெரியாததனால் பேசாமல் இருந்தேன் என்று நினைத்துவிடாதே. தெரிந்த பிறகும்தான் பேசாமல் இருந்தேன்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்று நினைப்பாய். கல்யாணம் நெருங்கியதால் மட்டும் இல்லை. கல்யாணப் பேச்சு எடுத்தபோதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. கோமதியின் அம்மா ராசம்மா கையால் வெற்றிலை பாக்குத் தட்டை வாங்கும்போதுகூடச் சொல்லவில்லை. சொல்ல வைத்தது போன மாதம் நீ எழுதிய கடிதம். சிமெண்டு ஆலையில் உன்னைச் சூளைப் பகுதிக்கு மாற்றியிருப்பதாகவும், உன் கீழே ஆட்கள் வேலை பார்ப்பதாகவும் பெருமையாக எழுதியிருந்தாய். அதற்குக் கீழே ஒரு வரி. சூளைக்கு அடியில் வேலை பார்த்த ஒரு ஆள் தலை சுற்றுகிறது என்று மேலே வந்தான், வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறான், திட்டித் திரும்ப அனுப்பினேன் என்று. அந்த வரியை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். "என்ன, பிள்ளைக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று அவள் பதறினாள். அப்போது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாய், விளக்கு, மூன்று குச்சி, ஏழு படி, ஏட்டு. கேட்டு முடித்துவிட்டு உன் அம்மா அழவில்லை. "எனக்குத் தெரியும்னு ஒமக்கும் தெரியும். ரெண்டு பேரும் சேந்துதான் அவனைக் குடிகாரனாக்கியிருக்கோம்" என்றாள். அடுப்பில் இருந்த சோற்றை இறக்கி வைத்துவிட்டு, "கெளம்பும், கயத்தாறுக்கு ராசம்மாட்ட போவோம்" என்றாள்.

ராசம்மா நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிக்காரர்களுக்கு இட்லி சுட்டு விற்றுத்தான் மகளை வளர்த்தாள் என்று உனக்குத் தெரியும். நாங்கள் போனபோது கடை ஓய்ந்திருந்தது. கல்யாணப் பேச்சுக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்துக் கோமதி பாயை விரித்தாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். சொல்லி முடிக்கிறவரை ராசம்மா கையில் இருந்த இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. உன் அம்மாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"மதினி, பன்னெண்டு வருசமா நான் அவியள வைதிருக்கேன். பிள்ளைக்குக் காய்ச்சல்னா வைவேன். அடுப்பு எரியலைன்னா வைவேன். தெவசத்துக்கு எலையப் போட்டு, 'குடிச்சிட்டுப் போனேல்லா, இந்தா தின்னு'ன்னு சொல்லித்தான் சோறு வச்சிருக்கேன். இதை நான் எங்கன போய்ச் சொல்லி அழ?"

மகனே, சண்முகையாவைக் கொன்றது மட்டும்தான் என் தப்பு என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். செத்த பிறகும் அவனை வீட்டுக்குள் நுழைய விடாமல் பன்னிரண்டு வருஷம் வெளியே நிறுத்தி வைத்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கோமதியைப் பள்ளிக்கூடத்தில் 'வார்னிஷ் மகள்' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் எட்டாவதோடு நின்றதற்கு அதுதான் காரணமாம். நம்மிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன்.

கோமதி விரித்த பாயைச் சுருட்டி வைத்தாள். கடைசியில், "மாமா, இதை நம்ம நாலு பேருக்குள்ள சொன்னாப் போதாது. கடையில வந்து எல்லாரும் கேக்கச் சொல்லுங்க. அத்தானுக்கும் நீங்களே எழுதுங்க. கல்யாணம் நடக்கா இல்லையாங்கிறது பெறவு" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நேற்றுக் காலையில், கடையில் கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து உன் அம்மாவோடு போனேன். லாரிக்காரர்கள், தெருக்காரர்கள், பஞ்சு ஏற்ற வந்தவர்கள் எல்லாம் இருந்தார்கள். "சண்முகையா குடிச்சுச் சாகல. அவனை நான்தான் சாகிற பள்ளத்துக்குள்ள இறக்கிவிட்டேன். இறக்கிவிட்டுட்டுப் பொய்யும் சொன்னேன்" என்றேன். கடைக் கம்பைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர், "இத்தனை வருசம் என்ன செஞ்சீரு?" என்று கேட்டார். அவர் பாதி தின்ற இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். ஒரு லாரி டிரைவர் மட்டும், "செத்த மனுசனுக்கு இப்பவாவது பேரைத் திருப்பிக் குடுத்தீரே" என்றார். அது ஆறுதலா ஏச்சா என்று தெரியவில்லை. ராசம்மா அடுப்பைத் தணித்துவிட்டு, உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு, அவனை அடக்கம் பண்ணின இடத்துக்குக் கோவில்பட்டி வண்டி ஏறினாள். நானும் பின்னால் போனேன். "நீங்க வர வேண்டாம்" என்றாள். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் கடுஞ்சொல் அது. நின்றுவிட்டேன்.

உனக்கு நான் புத்திமதி சொல்லத் தகுந்தவன் இல்லை. ஆனாலும் அப்பன் என்பதால் ஒன்று சொல்கிறேன். மேட்டில் நிற்கிறவனுக்கு மழைதான் தெரியும். பள்ளத்தில் என்ன இருக்கிறது என்று உள்ளே நிற்கிறவனுக்குத்தான் தெரியும். அவன் படித்தவனாக இருக்க மாட்டான், சொல்ல வார்த்தை கிடைக்காமல் 'என்னமோ மாதிரி இருக்கு' என்றுதான் சொல்லுவான். அப்போது நீ வேலையை நிறுத்து. உன் பேர் கெட்டால் கெடட்டும். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே, நீ திட்டி அனுப்பினாயே, அந்த ஆளைத் தேடிப் பார். அவன் பேரைக்கூட நீ எழுதவில்லை. பேர் கேள். தலை சுற்றல் எங்கே நின்றபோது வந்தது என்று கேள். அந்த இடத்துக்கு அவனை அனுப்பாமல், உள்ளே காற்றைச் சோதிக்க வேண்டியதைச் செய்துகொண்டு நீ போய்ப் பார்.

கல்யாணத்தைப் பற்றிக் கோமதி சொல்லச் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "அத்தான் வரட்டும். வந்து மொதல்ல எங்கம்மாட்ட பேசட்டும். எங்க அப்பாவைப் பத்தி அவியளுக்கு என்ன ஞாபகம் இருக்கோ அதைச் சொல்லட்டும். பெறவு எங்கிட்ட கேக்கட்டும், நான் சம்மதமா இல்லையான்னு." உனக்கு ஞாபகம் இருக்கும். உன்னைத் தோளில் உட்கார வைத்து மாட்டுச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போவான். அவன் பாடுகிற பாட்டில் பாதி வார்த்தை தப்பாக இருக்கும், நீ திருத்துவாய். இன்னும் என்னென்னவோ எனக்குத் தெரியாதது உன்னிடம் இருக்கலாம். இத்தனை வருஷம் நம் வீட்டில் அவனைப் பற்றி யாரும் பேசாததால் நீயும் பேசாமல் இருந்தாய். எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய்ச் சொல்.

அவள் சம்மதம் என்றால் கல்யாணம் நடக்கும். இல்லை என்றால் அவளைக் குறை சொல்லாதே, யாரையும் குறை சொல்ல விடாதே. நடந்தால், அன்றைக்கு நான் பந்தலில் நிற்கலாமா கூடாதா என்று ராசம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ராசம்மாவோடு கயத்தாறுக்கே போய்விட்ட உன் அம்மா இன்னும் திரும்பவில்லை. இதை நான் தனியாக உட்கார்ந்துதான் எழுதி முடிக்கிறேன்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். கயத்தாறுக்கு எழுது.

உன் அப்பா